சீட்டு ஒட்டிய பின் ஒரு பிடி

அவள் பெயர் பில்-நாம். வரிசையாகப் பெண்களே பிறந்த எரிச்சலில், அடுத்தது ஆணாகத்தான் இருக்க வேண்டும் என்று அர்த்தம் வரும்படி அப்பன் வைத்த பெயர். அடுத்ததும் பெண்ணாகவே பிறந்தது. அதற்கப்புறம் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட யாருக்கும் மனசு வரவில்லை. கீஜாங் கடற்கரையிலிருந்து பூசானுக்கு வாழ்க்கைப்பட்டு வந்ததால் சந்தையில் எல்லோருக்கும் அவள் கீஜாங்காரி.

ஆற்றோரச் சந்தையில் புருஷன் வீட்டுக் கடை. நெத்திலிக் கருவாடும் கடல்பாசியும் வியாபாரம். நாத்தனார் கும்ரே ஒரு பக்கம், இவள் ஒரு பக்கம் என்று முப்பது வருஷம் உட்கார்ந்து விற்றார்கள். கும்ரேவுக்கு வாய் என்றால் அப்படியொரு வாய். அவள் இந்தக் கரையில் தும்மினால் அந்தக் கரையில் நாய் குரைக்கும் என்பார்கள். கீஜாங்காரி அதற்கு நேர்மாறு. வாய் திறக்க மாட்டாள், கைதான் பேசும். நிறுத்துப் பையில் கொட்டி, பையின் வாயைக் கட்டுவதற்கு முன்னால் குவியலிலிருந்து ஒரு பிடி அள்ளி உள்ளே தள்ளிவிடுவாள். அந்தச் சந்தையில் கொசுறு போடாமல் பையைக் கட்டினால் வந்தவளை வாசலிலேயே வைத்து அவமானப்படுத்தியதாக அர்த்தம். "தராசு காசுக்கு, கொசுறு முகத்துக்கு" என்பது கும்ரேயின் வழக்கமான பேச்சு.

உலகக் கோப்பை கால்பந்து முடிந்த மறுவருஷம் சந்தைக்கு எதிரே பச்சைப் பலகைக் கடை வந்தது. கடல் தாண்டி வந்த கடை. உலகமெல்லாம் கிளை இருக்கிறதாம், எல்லாக் கிளையும் அச்சில் வார்த்தது போல ஒன்றாகவே இருக்குமாம். அதுதான் வினையாகப் போயிற்று. சாமான்களைக் கிடங்கு மாதிரி மோட்டுவளை வரைக்கும் அடுக்கி வைத்திருந்தார்கள். எங்கள் ஊர்ப் பெண்கள் என்ன, ஏணியோடா கடைக்குப் போவார்கள்? நெத்திலியைப் பிளாஸ்டிக் பையில் காற்றுப் புகாமல் ஒட்டி வைத்திருந்தார்கள். மோந்து பார்க்காமல், ஒன்றை வாயில் போட்டுக் கடித்துப் பார்க்காமல் நெத்திலி வாங்குவாளா ஒருத்தி? நகத்தால் பையில் ஓட்டை போட்டு மோந்து பார்த்துவிட்டு வைத்துவிட்டுப் போனார்கள். முதல் வாரம் திருவிழாக் கூட்டம். அடுத்த மாதம் வண்டி தள்ளுகிறவர்களை விடக் காவல்காரர்கள் அதிகம்.

அப்புறம்தான் அவர்களுக்குப் புத்தி வந்தது. கண்ணாடித் தடுப்பு வைத்து, நெத்திலியைத் திறந்து கொட்டி, சந்தைக்காரி ஒருத்தியைக் கூட்டிவந்து நிறுத்துவோம் என்று தீர்மானித்தார்கள். சூப்பர்வைசர் குவாக் என்கிற பையன் சந்தைக்கே வந்து கீஜாங்காரியிடம் கேட்டான். அந்த வருஷம்தான் அவள் புருஷன் போயிருந்தான். சந்தைக் குளிரில் முழங்கால் இரண்டும் பிடித்துக்கொண்டிருந்தன. மாதச் சம்பளம், ஆஸ்பத்திரிக் காப்பீடு, நிற்கிற இடத்தில் கதகதப்பு. அவள் சரி என்றாள்.

"என் தம்பி செத்த ஈரம் காயல, அதுக்குள்ள எதிரி வீட்டுக்குச் சோறு வடிக்கப் போறியாடி?" என்று கும்ரே கத்தினாள். கீஜாங்காரி மூட்டையைத் தூக்கிக்கொண்டு நடந்தாள். கும்ரே பானையிலிருந்து உப்பை அள்ளி அவள் முதுகைப் பார்த்து வீசினாள். பீடை ஒழிந்தது என்று வாசலில் வீசுகிற உப்பு. கல் உப்பு, கழுத்துக்குள் போய் உறுத்திற்று. வீடு போய்ச் சேரும் வரை அவள் அதைத் தட்டிவிடவில்லை.

அதிலிருந்து ஆறு மாதம் பேச்சு வார்த்தை கிடையாது. வியாபாரிகள் சங்கம் பச்சைப் பலகைக் கடை வாசலில் தினமும் மேளம் அடித்து மறியல் நடத்தியது. தலையில் சிவப்புப் பட்டி கட்டி, ஒலிபெருக்கியைப் பிடித்து முன்னால் நின்றது கும்ரேதான். எதிரி கடைக்குள் காலெடுத்து வைக்கிற வியாபாரி மறுநாள் சந்தையில் கடை விரிக்கக் கூடாது என்று சங்கத்தில் கட்டுப்பாடு வேறு. அந்தக் கட்டுப்பாட்டைக் கொண்டுவந்தவளும் அவளே.

ஆறாவது மாதக் கடைசியில் ஒரு நாள் மத்தியானம் வாசலில் மேளம் கேட்டுக்கொண்டிருந்தபோது குவாக் வந்து கீஜாங்காரியை மாடிக்குக் கூப்பிட்டான். அறைக்குள் பெரிய மேலாளர் லூக்காஸ் இருந்தார். வெளிநாட்டுக்காரர், நல்ல மனிதர், பார்க்கும்போதெல்லாம் குனிந்து வணக்கம் சொல்லக் கற்றுக்கொண்டவர். இன்றைக்கு அவர் குனியவில்லை.

"அம்மா, உங்க பக்கத்துல சரக்கு குறையுது. கொஞ்ச நஞ்சமில்ல. மாசா மாசம் குறையுது. என்ன விஷயம்?" என்றான் குவாக்.

"எனக்கெப்படித் தெரியும் தம்பி? எலி கிலி இருக்கோ என்னமோ."

"வெலைச் சீட்டு ஒட்டின பெறகு பைக்குள்ள கை போகக் கூடாதுன்னு சொல்லியிருக்கோம்ல?"

"நான் ஏன் கை விடுறேன்? ஒரு நெத்திலியைக் கணக்குல இல்லாம நான் வெளிய விட்டிருந்தா இந்தக் கையை வெட்டிப் போடுங்க. செத்துப்போன என் வீட்டுக்காரர் மேல சத்தியம்!"

குவாக் மேசை மேலிருந்த டிவிப் பெட்டியைப் போட்டான். மேலே பொருத்தியிருந்த கேமரா பிடித்த படம். அவள் தலை, தராசு, கண்ணாடித் தடுப்பு எல்லாம் தெரிந்தன. தராசு சீட்டைக் கக்கியது, அவள் அதைப் பையில் ஒட்டினாள். உடனே அவளுடைய வலது கை குவியலுக்குள் போய் ஒரு பிடி அள்ளி, பைக்குள் விட்டுவிட்டு, வாயைக் கட்டியது. அடுத்த ஆள். மறுபடியும் ஒட்டினாள், மறுபடியும் கை போயிற்று. அதற்கடுத்த ஆளுக்கும் அப்படியே.

அது அவள் கைதான். ஆனால் செய்தது அவளுக்குத் தெரியாது. மூச்சு விடுவதை எவள் எண்ணிக்கொண்டிருப்பாள்? இப்போதுதான் புருஷன் மேல் சத்தியம் செய்தாள். முகத்தை எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வது என்று தெரியாமல் கையைத் தூக்கி மேலங்கிக்குள் ஒளித்துக்கொண்டாள்.

லூக்காஸ் தன் மொழியில் நிதானமாகப் பேசினார். குவாக் அதை மாற்றிச் சொன்னான்: "உங்க தட்டுலதான் வியாபாரம் ஏறுது, மத்த எடமெல்லாம் இறங்குதுன்னு சார் சொல்றாரு. கொசுறு பழக்கம் அவருக்கும் புரியுதாம். வேணும்னா சின்னச் சின்னப் பொட்டலமா, அளந்து ஒட்டி, 'கொசுறு'ன்னு எழுதிக் குடுக்கலாங்கறாரு."

பின்னால் அதைச் செய்தும் பார்த்தார்கள், கண்ணராவி! அளந்து ஒட்டிய கொசுறைக் கையில் வாங்கிய பெண்கள், "இதை எந்த எடையில கழிச்சீங்க?" என்று கேட்டார்கள். இரண்டு குளிர்காலம் தாக்குப்பிடித்துவிட்டு உள்ளூர்க் கம்பெனி ஒன்றுக்குக் கடையை விற்றுப் போனார்கள். ஆனால் அது பிற்பாடு. அந்த அறையில் இன்னும் ஒன்று பாக்கி இருந்தது.

"மத்தவங்களுக்குப் போட்டதை விட்ருவோம்மா. பழக்கதோஷம். இது என்ன?" என்று குவாக் வேறொரு படத்தைப் போட்டான்.

பூப்போட்ட மேல்சட்டை, கண் வரைக்கும் இறக்கிய தொப்பி, மூக்குக்கு மேலே ஏற்றிய முகமூடி. ஒரு பெண் வந்து தட்டு முன்னால் நின்றாள். வாய் பேசவில்லை, விரலால் காட்டினாள். கீஜாங்காரியின் கை சீட்டு ஒட்டியபின் ஒரு பிடி போட்டது. நின்று, திரும்பவும் போய் இன்னொரு பிடி போட்டது. அடுத்த வாரமும் அதே பெண், அதே இரண்டு பிடி. அதற்கடுத்த வாரமும் அப்படித்தான்.

"ஊருக்கெல்லாம் ஒண்ணு, இந்த அம்மாவுக்கு மட்டும் ரெண்டு. மூஞ்சியை மூடிக்கிட்டு வாரா வாரம் வருது. உங்க கூட்டாளியா? ஆளைக் காட்டிக் குடுத்திட்டீங்கன்னா உங்க வேலைக்கு நான் பொறுப்பு. இல்லாட்டி கூட்டுத் திருட்டுன்னு போலீசுக்குப் போகும். அப்புறம் பூசான்ல எந்தக் கடையும் உங்களை வாசல்ல ஏத்தாது."

இந்தப் பெண்ணை அவளுக்கு நினைவிருந்தது. கை இரண்டாவது தடவை போனதற்குக் காரணமும் இப்போது புரிந்தது. சொல்ல வாயெடுத்தாள். அந்தச் சமயம் படத்தில் அந்தப் பெண் முகமூடியை ஓரமாக நீக்கி, ஒரு நெத்திலியை எடுத்துத் தலையை மட்டும் கடித்து, துப்பாமல் கையில் எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டாள்.

சந்தையில் தரை கூட்டுவது யார் என்று நாத்தனாருக்கும் அவளுக்கும் எந்நாளும் சண்டை. அந்தச் சண்டையில் பிறந்த பழக்கம் அது. கடித்த தலையைப் பையில் போட்டுக்கொள்கிறவள் உலகத்திலேயே ஒருத்திதான்.

அந்த ஒருத்தியின் குரல் அதே நேரம் ஜன்னல் வழியாக ஒலிபெருக்கியில் வந்தது. "இந்தக் கடைக்குள்ள நுழையறவன் ரத்தத்துல சூடு இருக்கா?"

கீஜாங்காரி வாயை மூடிக்கொண்டாள். பெயரைச் சொன்னால் வேலை தங்கும். சொன்ன மறுநொடி குவாக் அதைச் சங்கத்துக்குச் சொல்வான். மறியலே கலைந்துபோகும், அவனுக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? நாளைக்குக் கும்ரே கடை விரிக்க முடியாது. சொல்லாவிட்டால் தான் திருடி. கூடவே இன்னொரு யோசனை குடைந்தது. வீடு முழுக்க நெத்திலி மூட்டை அடுக்கி வைத்திருக்கிறவள் இங்கே வந்து எதற்கு நெத்திலி வாங்குகிறாள்?

"தெரியுமா, தெரியாதா?"

"தெரியாது."

"யம்மா, நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. இப்பதான் ஒரு பொய்ச் சத்தியம் பண்ணீங்க."

அது சுருக்கென்று தைத்தது. கண்ணில் நீர் முட்டியது. "தெரியாதுன்னா தெரியாதுதான் தம்பி. போலீசைக் கூப்பிடுறதா இருந்தா கூப்பிடு."

குவாக் போனில் கை வைத்தான். லூக்காஸ் ஜன்னல் பக்கம் போய்க் கீழே பார்த்தார். மேளம், சிவப்புப் பட்டிகள், கூட்டம். வாசலில் இவ்வளவு பேர் இருக்கும்போது போலீஸ் வண்டியும் வந்து ஒரு விதவையை ஏற்றிக்கொண்டு போனால் நாளைக்குப் பத்திரிகையில் என்ன வரும் என்று அவருக்கும் தெரியும். தலையை ஆட்டி மறுத்தார். உடுப்பைக் கழற்றி வைத்துவிட்டு அவள் இப்போதே போகலாம் என்றார். அவள் கதவைத் தாண்டும்போது லேசாகக் குனிந்தார். அவளும் குனிந்தாள்.

பின்வாசல் பூட்டியிருந்தது. முன்வாசல் வழியாகத்தான் போக வேண்டும். துணிப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு அவள் வெளியே வந்ததும் மேளம் நின்றது.

"பாருங்கடி, கீஜாங்காரியைத் துரை தொரத்தி விட்டுட்டாரு!" என்றாள் ஒருத்தி.

"சம்பளம் கசந்துருச்சோ?" என்றாள் இன்னொருத்தி. சிரிப்பு எழுந்தது.

கும்ரே சிரிக்கவில்லை. ஒலிபெருக்கியைக் கீழே வைத்தாள். இவள் முகத்தை, வீங்கிய கண்ணைப் பார்த்தாள். குனிந்து, தன் காலடியிலிருந்த பையைப் பிரித்து ஒரு கை உப்பை அள்ளினாள். கீஜாங்காரி நின்ற இடத்தில் கண்ணை மூடிக் கழுத்தைக் குறுக்கிக்கொண்டாள்.

உப்பு விழவில்லை. பின்னால் கண்ணாடிக் கதவில் சடசடவென்று சத்தம் கேட்டது. கண்ணைத் திறந்தாள். கும்ரே இரண்டாவது கை உப்பையும் அவள் தலைக்கு மேலே பச்சைப் பலகையைப் பார்த்து வீசினாள்.

"எங்க வீட்டுப் பொண்ணை அழ வச்சு அனுப்புறியா? நாசமாப் போக!" என்று ஒலிபெருக்கி இல்லாமலே கத்தினாள். பிறகு இவள் கையைப் பிடித்துத் தரதரவென்று சந்தைக்குள் இழுத்துக்கொண்டு போனாள். யாரும் குறுக்கே வரவில்லை.

கடையில் கதகதப்பு இல்லை. கும்ரே அடி மூட்டையைப் புரட்டினாள். அதன் பின்னால் பச்சைச் சீட்டு ஒட்டிய பைகள் அடுக்கியிருந்தன. ஒன்றுகூடப் பிரிக்கவில்லை.

"ஏன் மதினி வாங்குனீங்க?" என்றாள் கீஜாங்காரி. "நம்மகிட்ட இல்லாத நெத்திலியா?"

"பின்ன எப்படிடி உன் மூஞ்சியைப் பாக்குறது? சும்மா வந்து நிக்கவா முடியும்?" கும்ரே ஒரு பையை எடுத்துத் தராசில் வைத்தாள். சீட்டில் இருந்ததை விட முள் எங்கேயோ போய் நின்றது. "ஒரு வாட்டிகூட நீ தலையை நிமிந்து பாக்கல. அப்படித்தான் இருந்தே, கழுதை. ஆனா கேக்குறேன். எல்லாருக்கும் ஒரு பிடி போட்டவ எனக்கு மட்டும் ஏன்டி ரெண்டு பிடி போட்ட? ஆள் தெரிஞ்சுதானே போட்ட? உண்மையைச் சொல்லு."

"தெரியாது மதினி."

"பொய் சொல்லாத."

"வாயே பேசாம வெரலைக் காட்டுனீங்களா..." கீஜாங்காரி தயங்கினாள். "ஊமையாக்கும்னு நெனச்சேன். ஐயோ பாவம்னு இருந்துச்சு, கை தன்னால இன்னொரு தடவை போயிருக்கு."

கும்ரே வாயைத் திறந்தாள். அந்தச் சந்தையின் சரித்திரத்தில் முதல் தடவையாக அதிலிருந்து ஒன்றும் வரவில்லை. கண் மட்டும் கலங்கியது. தலையில் கட்டியிருந்த சிவப்புப் பட்டியை அவிழ்த்து மூக்கைச் சிந்தினாள். பிறகு கடையில் இவள் முன்பு போட்டிருந்த பழைய மேலங்கியை இவள் மடியில் எறிந்து, "எந்திரி, ஆள் வந்திருக்கு பாரு" என்றாள்.