விளக்கு ஏற்றுவதற்கு முன்

எங்கள் கல்லூரியின் கலைவிழாவில் தமிழ் மாணவர்களுக்கு ஒரு நிகழ்ச்சி உண்டு. ஒன்றே ஒன்று. நிகழ்ச்சி நிரலில் அதற்குப் பெயர்கூடக் கிடையாது. சிங்களத்தில் 'தெமள ஐட்டம்' என்று போட்டிருப்பார்கள், அதாவது தமிழ் ஐட்டம். மற்ற ஆட்டம் பாட்டு எல்லாவற்றுக்கும் பெயர் இருக்கும், ஆடுகிறவர்கள் பாடுகிறவர்கள் பெயரும் இருக்கும். எங்களுடையது மட்டும், கடையில் மரக்கறிச் சோறு ஒன்று என்று சொல்கிற மாதிரி, தமிழ் ஒன்று. பட்டுச் சேலை, சலங்கை, தலை நிறையப் பூ, நாலு நிமிடம் ஆட்டம். கைதட்டல், போட்டோ, முடிந்தது.

இதை எழுதும்போதே எனக்குக் கோபம் வருகிறது. வரட்டும். அடக்கிக்கொண்டு எழுதினால் அது வேறு யாரோ எழுதியதாகத்தான் இருக்கும்.

நான் மாத்தளை டவுனில் ஒரு தொழில்நுட்பக் கல்லூரியில் கணக்கியல் படிக்கிறேன். வீடு இரத்தோட்டைக்கும் மேலே, ரிவர்ஸ்டன் பாதையிலிருந்து பிரிந்து போகிற வழியில் ஒரு தேயிலைத் தோட்டத்தில். இருட்டோடு எழும்பி பஸ் பிடித்து வந்து உட்கார்ந்தால், விரிவுரையாளர் சிங்களத்தில் பேசுவார், திரையில் ஆங்கிலம் ஓடும், நான் தமிழில் முழிப்பேன். சேரும்போது மூன்று மொழியிலும் படிக்கலாம் என்றுதான் சொன்னார்கள். போய்க் கேட்டால், தமிழில் நடத்த ஆள் கிடைக்கவில்லை, 'பொட்டக் இன்ன' என்பார்கள். கொஞ்சம் பொறுங்கள் என்று அர்த்தம். நான் சேர்ந்து இரண்டாவது வருடம் ஓடியது, பொறுத்துக்கொண்டே இருந்தேன். எனக்குச் சிங்களம் வராமல் இல்லை. பஸ்ஸில் மிச்சக் காசுக்குச் சண்டை பிடிக்கிற அளவுக்கு வரும். ஆனால் பெறுமானத் தேய்வு என்கிற பாடத்தைச் சிங்களத்தில் கேட்டு, ஆங்கிலத்தில் எழுதி, தமிழில் விளங்கிக்கொள்வதற்குள் அந்த இயந்திரமே தேய்ந்து துருப்பிடித்துப் போய்விடும்.

மூச்சு விட எனக்கு இருந்த ஒரே இடம் கீபோர்ட். நாங்கள் வேதக்காரர்கள். தோட்டத்து மாதா கோயிலில் யாரோ கொடுத்துவிட்டுப் போன பழைய கீபோர்ட் ஒன்று இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு நான்தான் வாசிப்பேன். யாரும் சொல்லித் தரவில்லை. போனில் வீடியோ பார்த்துப் படித்தேன், அதுவும் சிக்னல் கிடைக்கிற மேட்டில் போய் நின்றுகொண்டு. அந்தக் கீபோர்டில் நடுவில் இரண்டு கட்டைகள் செத்துப்போனவை. அழுத்தினால் டொக் என்று மரச் சத்தம்தான் வரும். அவற்றைத் தாண்டித் தாண்டியே என் விரல்கள் பழகிவிட்டன. கல்லூரி மாணவர் அறையில் இருந்த நல்ல கீபோர்டில் முதல் நாள் கை வைத்தபோது, அந்த இரண்டில் ஒன்று தவறிப்போய் அமுங்கிச் சத்தம் போட்டது. யாரோ திட்டியது மாதிரி வெடுக்கென்று கையை எடுத்துவிட்டேன்.

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் நாங்கள் மூன்று பேர் அந்த அறையில் கூடுவோம். நான், என்னோடு ஒரே பஸ்ஸில் வருகிற பக்கத்துத் தோட்டத்துத் தோழி, டவுனிலேயே வீடு உள்ள ஒரு முஸ்லிம் பையன். அவள் பாடுவாள். அவன் உட்கார்ந்திருக்கிற மரப்பெட்டியையே தட்டித் தாளம் போடுவான். அவள் எழுதிய வரிகளுக்கு நான் ஒரு மெட்டுப் போட்டேன். பாதை வளைந்து திரும்புகிற தோட்டத்து முடக்கில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் கைகாட்டிக்கொண்டு நிற்க, நிற்காமல் போகிற பஸ்ஸைப் பற்றிய பாட்டு. ஒருநாள் அவன் நடுவில் இரண்டு கட்டைகளைக் காட்டிக் கேட்டான்.

"இந்தப் பாட்டு அந்த ரெண்டு கட்டைக்கும் போறதே இல்லியே, ஏன்?"

"அது எங்க கோயில்ல வேல செய்யாது."

அவன் சிரிக்கவில்லை. "அப்ப அப்பிடியே ஈக்கட்டும். அதுதான் நல்லாவும் ஈக்கி" என்றான்.

அந்த வருடத் தமிழ் ஐட்டமாக இந்தப் பாட்டைத்தான் வைக்க வேண்டும் என்று நான் ஒற்றைக்காலில் நின்றேன். எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. நான் போட்ட மெட்டை, ஆட்கள் நிறைந்த மண்டபத்தில், நல்ல ஸ்பீக்கரில் ஒரு தடவை எல்லோரும் கேட்க வேண்டும். கலைவிழாவுக்குப் பொறுப்பான விரிவுரையாளர், நாங்கள் சேர் என்று கூப்பிடுகிறவர், நல்ல மனுஷர். எனக்கு எரிச்சலே அதுதான். கெட்டவராக இருந்திருந்தால் திட்டிவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன். பாட்டைக் கேட்டார், தலையை ஆட்டினார், "லஸ்ஸனய்" என்றார், அழகாக இருக்கிறது என்று. பிறகு, டான்ஸ் ஒன்று சேர்க்க முடியாதா, கலர் உடுப்பு ஏதும் இல்லையா, பஸ்ஸைப் பற்றிப் பாடாமல் சந்தோசமாக ஒன்று பாடக் கூடாதா என்று வரிசையாகக் கேட்டார். எல்லாவற்றுக்கும் இல்லை என்றேன். சரி என்று விட்டுவிட்டார்.

அம்மா போட்ட நிபந்தனையும் ஒன்றுதான்.

"பாடு, ஆடு, என்னமோ செய்யி. ஆனா கடசி பஸ்ஸுல வந்து எறங்கிறணும். நான் முடக்குல நிப்பேன்."

கடைசி பஸ் ஐந்தே காலுக்கு. அதை விட்டால் எங்கள் பக்கம் போக ஒன்றும் கிடையாது. கல்லூரியில் படிக்கிற தமிழ்ப் பிள்ளைகளில் முக்கால்வாசிப் பேர் தோட்டங்களில் இருந்து வருகிறவர்கள், எல்லோருக்கும் இப்படி ஒரு கடைசி பஸ் இருக்கிறது. இது தெரியாதவர் யாரும் அந்தக் கல்லூரியில் இல்லை. தெரிந்துகொண்டேதான் எங்களைக் கீழே கீழே தள்ளினார்கள். முதலில் நான்காவதாக இருந்தோம். பிறகு பேச்சுகளுக்குப் பின்னால் போனோம். விழாவுக்கு முதல் நாள் பார்த்தால், நன்றியுரைக்கு முன்னால், கடைசிக்கு முதல் இடம். சேரிடம் போய் பஸ்ஸைச் சொன்னேன். "பொட்டக் இன்ன நங்கி, பார்ப்போம்" என்றார். தங்கச்சி என்று கூப்பிட்டுத்தான் சொன்னார். அந்தப் 'பொட்டக் இன்ன'வைக் கேட்டதும் எனக்கு உச்சியில் பற்றிக்கொண்டு வந்தது.

விழா அன்று ஒன்றரைக்கு ஆரம்பம். பிரதம விருந்தினர் வராமல் ஆரம்பிக்க முடியாது. அவர் வரவேண்டும், வாசலில் வெற்றிலைக் கட்டுக் கொடுக்க வேண்டும், கண்டி மேளம் அடித்து அழைத்து வரவேண்டும், எல்லோரும் எழுந்து நிற்க வேண்டும், அவர் கையால் குத்துவிளக்கு ஏற்ற வேண்டும். அதற்குப் பிறகுதான் மற்றதெல்லாம். நம் நாட்டில் எந்த விழாவிலும் இதை மாற்ற ஒருவருக்கும் துணிச்சல் கிடையாது. பிரதம விருந்தினர்களும் நேரத்துக்கு வந்தால் மரியாதை குறைந்துவிடும் என்று நினைக்கிறார்கள் போல. இரண்டு மணியானது. இரண்டரையானது. மண்டபம் நிறைந்து வழிந்தது. வெற்றிலைக் கட்டை ஏந்திக்கொண்டு நின்ற பிள்ளையின் கை கடுத்துப்போய், இந்தக் கையில் இருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டிருந்தாள். மேடையில் எல்லாம் தயார். கீபோர்ட், மைக், பெட்டி, ஸ்பீக்கர். ஸ்பீக்கரில் உஸ்ஸென்று இரைச்சல் மட்டும் வந்துகொண்டிருந்தது.

தோழி நேரத்தைப் பார்த்துப் பார்த்து அழுகிற நிலைக்கு வந்துவிட்டாள். "நமக்கு எப்படியும் கெடைக்காதுடி. வா, பஸ்ஸுக்காவது போவோம்."

பையன் மேடையை எட்டிப் பார்த்தான். "அவர் எத்தின மணிக்கு வாராரெண்டு ஆருக்கும் தெரியா. மைக்கும் சும்மாதான் ஈக்கி. நாங்களும் சும்மாதான் ஈக்கிறோம்."

அவன் சொல்லி வாய் மூடவில்லை, நான் மேடைக்கு ஏறிவிட்டேன். யோசித்திருந்தால் ஏறியிருக்க மாட்டேன். கோபத்துக்கு ஒரு நல்ல குணம் இருக்கிறது, அது யோசிக்க விடாது.

நான் வாசிக்கத் தொடங்கியதும் மண்டபத்தில் கதைத்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பினார்கள். அவன் பெட்டியில் உட்கார்ந்தான். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு மைக்கைப் பிடித்தாள். முதல் வரிக்கே பின்வரிசையில் விசில் பறந்தது. அந்தப் பாட்டில் வருகிற பஸ்ஸை அவர்கள் எல்லோருக்கும் தெரியும். தமிழ் தெரியாத பிள்ளைகளும் தாளத்துக்குக் கைதட்டத் தொடங்கினார்கள். ஒரு மணித்தியாலத்துக்கு மேல் சும்மா உட்கார்ந்து அலுத்துப்போன கூட்டம், ஒரு சத்தத்துக்காக ஏங்கிக்கொண்டிருந்தது. என் மெட்டு அந்தப் பெரிய ஸ்பீக்கர்களில் இருந்து திரும்பி என் காதிலேயே விழுந்தபோது எனக்கு அழுகை வந்தது. சந்தோசத்தில் வந்த அழுகை, வெட்கப்படாமல் சொல்கிறேன்.

கடைசிச் சரணத்துக்கு வரும்போது வாசலில் மேளம் கேட்டது. பிரதம விருந்தினர் வந்துவிட்டார். மேடை ஓரத்தில் சேர் இரண்டு கைகளையும் வீசி நிறுத்து நிறுத்து என்று காட்டினார். நான் பார்த்தேன். நன்றாகவே பார்த்தேன். தோழி என்னைத் திரும்பிப் பார்த்தாள், நிறுத்தவா என்று. நான் தலையை ஆட்டவில்லை. இன்னும் நாலு வரி இருந்தது, நாலையும் பாடி முடித்தோம். விருந்தினர் வெற்றிலைக் கட்டோடு வாசலிலேயே நின்றார். யாரும் எழுந்து நிற்கவில்லை. பிறகு பாட்டு முடிய எழுந்து நின்றார்கள், கைதட்டிக்கொண்டு. அவருக்காக என்று நினைத்து அவர் கும்பிட்டபடி உள்ளே வந்தார்.

நாங்கள் பின்கதவால் இறங்கினோம். பஸ்ஸில் உட்கார இடம்கூடக் கிடைத்தது.

மறுநாள் மூன்று பேரையும் சேர் தன் அறைக்குக் கூப்பிட்டார். கத்துவார் என்று தயாராகப் போனேன். கத்தவில்லை, தேநீர் குடிக்கிறீர்களா என்று கேட்டார். விளக்கு ஏற்றுவதற்கு முன் பாடுவது எவ்வளவு பெரிய மரியாதைக் குறைவு என்று மெதுவாகச் சொன்னார். மேலிடத்தில் கேட்கிறார்கள் என்றார். பிறகு முகம் மலர்ந்து, அதற்கு ஒரு வழி இருக்கிறது என்றார்.

"விழாதான் அப்போது தொடங்கவே இல்லையே. நீங்கள் செய்தது மைக் டெஸ்டிங். சத்தம் சரியா என்று பார்த்தீர்கள், அவ்வளவுதான். நான் அப்படிச் சொல்லிவிடுகிறேன். நீங்களும் அப்படியே சொல்லுங்கள். பிரச்சினை முடிந்தது."

தோழி உடனே தலையாட்டினாள். பையன் கீழே பார்த்துக்கொண்டிருந்தான். நானும் தலையாட்டியிருக்க வேண்டும். அவர் எங்களைக் காப்பாற்றத்தான் பார்க்கிறார் என்று எனக்கு விளங்காமல் இல்லை. ஆனால் வாழ்க்கையில் முதல் தடவையாக நான் போட்ட ஒரு மெட்டை ஒரு மண்டபமே கேட்டிருக்கிறது. ஹலோ ஹலோ ஒன் டூ த்ரீ என்று சொல்கிறதும் அதுவும் ஒன்றா?

"இல்ல சேர்" என்றேன். சிங்களத்தில்தான் சொன்னேன், பிழையில்லாமல் சொன்னேன். "நாங்கள் டெஸ்ட் பண்ணவில்லை. அதுதான் எங்கள் பாட்டு. எங்களுக்கு நீங்கள் தந்த நேரத்தில் பஸ் இருக்காது, அதனால் பஸ் இருக்கிற நேரத்தில் பாடினோம்."

அவர் முகம் மாறிவிட்டது. அப்படியானால் தன்னால் ஒன்றும் செய்ய முடியாது என்றார். செய்யவும் இல்லை. அடுத்த வருடம் தெமள ஐட்டம் கிடையாது என்று முடிவு வந்தது. எனக்கு மட்டும் என்றால் பரவாயில்லை. தமிழ்ப் பிள்ளைகள் எல்லோருக்கும்.

தோழி ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. ஒரே பஸ்ஸில் ஏறி, முன்னால் போய் உட்கார்ந்துகொள்வாள். பிறகு ஒருநாள் இறங்கும்போது பொரிந்து தள்ளினாள்.

"இருந்ததே ஒண்ணு! அதையும் ஓன் வாயாலயே கெடுத்துட்ட. ஆமான்னு ஒரு வார்த்த சொன்னா என்னா கொறஞ்சிப் போயிருவ?"

குறைந்துதான் போயிருப்பேன். ஆனால் அவள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. சலங்கை கட்டி ஆடக் காத்திருந்த முதல் வருடப் பிள்ளைகள் என்ன பாவம் செய்தார்கள்? சேர் அறையில் பேசிய மைக் டெஸ்டிங் கதை கல்லூரி முழுக்கப் பரவியிருந்தது. அவர்கள் என்னை வழியில் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிறார்கள் என்று எனக்குத் தோன்றும். சேர்மேல் இருந்த கோபத்தில் பாதி என்மேலேயே திரும்பியது. மற்றப் பாதி அப்படியே இருந்தது, இன்றும் இருக்கிறது.

போன வாரம் இந்த வருடத்து நிகழ்ச்சி நிரலை ஒட்டினார்கள். சொன்னபடியே எங்களுக்கு ஒன்றும் இல்லை. அதன் முன்னால் நான் நின்றுகொண்டிருந்தபோது முதல் வருடப் பிள்ளை ஒருத்தி வந்து பக்கத்தில் நின்றாள். அலுவிகாரைப் பக்கம் இருந்து வருகிறவள், தோளில் கிட்டார் பை. என்னைத் திட்டத்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்தேன்.

"அக்கா, இந்த வருசம் நமக்கு ஐட்டம் இல்லியாமே?"

"இல்ல."

"பரவால்லக்கா. மைக் டெஸ்டிங் எத்தன மணிக்குன்னு மட்டும் சொல்லுங்க. நாங்க ஆறு பேர் இருக்கோம்."

ஒன்றரைக்கு ஆரம்பம் என்று போட்டிருக்கிறார்கள், பிரதம விருந்தினர் வருகிற வரைக்கும் மேடை சும்மாதான் கிடக்கும், நானும் கீபோர்டோடு வருகிறேன் என்றேன்.