ஃபகருன்னிசா நிறுத்தாமல் கேட்ட சத்தம்

சூளகிரியிலிருந்து ஓசூருக்குப் போகும் கம்பெனி பஸ் அன்று காலை ஹைவே ஓரமாக நின்றுவிட்டது. இரும்பை இரும்பு அரைக்கிற மாதிரி ஒரு சத்தம். டிரைவர் மோகன்குமார் சாவியைத் திருகி இன்ஜினை அணைத்தார், சத்தமும் நின்றது. கியர் பாக்ஸ் போச்சு என்று இறங்கி அடியில் குனிந்தார்.

ஃபகருன்னிசா எழுந்து, "வண்டி நல்லாத்தான் இருக்குதுங்க. ஸ்பீக்கர்ல வந்த சத்தம் அது," என்றாள்.

அவள் சொன்னால் மறுபேச்சு கிடையாது. கியர் செய்யும் கம்பெனியில் பதினாறு வருஷமாகக் கேட்பதுதான் அவளுக்கு வேலை. ஓடுகிற கியருக்குக் காதைக் கொடுப்பாள். அவள் முகம் சுளித்தால் மெஷினை நிறுத்துவார்கள். அந்தக் கியர் திரும்பிப் போகும். காதுக்கு ஓய்வு வேண்டும் என்று வீட்டில் பாட்டுகூடப் போடவிடமாட்டாள்.

தூங்கிக்கொண்டிருந்த புது இன்ஜினியர் ஹரீஷ்குமாரின் போன் ப்ளூடூத்தில் தானாகவே பஸ் ஸ்பீக்கரோடு சேர்ந்திருந்தது. அவன் எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டான். அது என்ன என்று ஃபகருன்னிசா கேட்டாள். பாட்டுதான் அக்கா என்றான். அவளுக்கு நம்பிக்கை வரவில்லை. கேட்டுப் பார்க்கட்டும் என்று இயர்போனைக் கொடுத்தான்.

பல் உடைந்த கியர் கத்துவது போலவே ஆரம்பித்தது. ஸ்விட்சைத் தேடி அவள் கை தானாக நீண்டது. சத்தம் நிற்காமல் வளர்ந்துகொண்டே போனது. அதற்கு அடியில் எங்கேயோ ஒரு பெண் மூச்சு விடுவது கேட்டது. கழற்றிக் கொடுத்தபோது கையெல்லாம் புல்லரித்திருந்தது. இனி வேண்டாம் என்றுதான் நினைத்தாள். மறுநாள் அவளே போய் இயர்போனைக் கேட்டு வாங்கினாள்.

அவள் புருஷன் அக்பர் பாஷா மாங்காய் வியாபாரி. ரெண்டு நிமிஷம் கேட்டுவிட்டு, யாரையாவது வதைக்கிறார்களா என்று கேட்டார். ஆனாலும் அந்தச் சத்தத்தை வாசிக்கிற பெண் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் பெங்களூரில் வாசிக்கப்போகிறாள் என்று ஹரீஷ்குமார் சொன்னதும் அவளோடு கூடவே கிளம்பினார்.

சின்ன ஹால், முப்பது பேர் இருக்கும். ஒல்லியான ஒரு பெண் தொங்கவிட்ட இரும்புத் தகட்டின் விளிம்பில் வயலின் வில்லை இழுத்தாள். தரை அதிர்ந்தது. அக்பர் பாஷா டீ குடிக்க வெளியே போய்விட்டார். ஃபகருன்னிசா அசையவில்லை. வேலையில் அவள் தினமும் எந்த இடத்தில் மெஷினை நிறுத்துவாளோ அந்த இடம் வந்தது, தாண்டியும் போனது. தாண்டிய பிறகு அது கிறீச்சிடவில்லை. ஏரி நிறையப் பறவைகள் ஒரே நேரத்தில் எழும்பினாற்போல் ஹாலை அடைத்துக்கொண்டது. இவ்வளவு பெரிதாக ஒன்று இத்தனை வருஷமும் தன் கை நிறுத்திய இடத்துக்கு அந்தப் பக்கம் இருந்திருக்கிறது என்று நினைத்தபோது அவளுக்கு அழுகை வந்தது.

திரும்பும்போது, அத்திப்பள்ளி தாண்டியதும், அதில் என்னதான் இருக்கிறது என்று அவர் கேட்டார்.

"கெட்ட சத்தம் வந்தா நிறுத்தறதுதாங்க என் வேலை. நிறுத்தாம விட்டா அது எங்க போகும்னு இன்னைக்குத்தான் பார்த்தேன்."

"பயமா இல்லியா?"

"பயமாத்தான் இருந்துச்சு. எந்திரிச்சு வர மனசு வரலைங்க."

அதற்குப் பிறகு அந்தப் பெண் அங்கே எப்போது வாசித்தாலும் ரெண்டு பேரும் போகிறார்கள். அவர் வெளியே டீக்கடையில் உட்கார்ந்திருப்பார். போன மாசம் மட்டும் உள்ளே வந்து, முடிகிற வரைக்கும் கதவோரமாக நின்றார்.