வெருளிக்குப் போட்ட கோட்

சட்டன் நகரசபையிடம் வாடகைக்கு எடுத்த எங்கள் அலொட்மென்ட் தோட்டத்தில் புறாவும் புழுவுமாகச் சேர்ந்து முட்டைக்கோவாவை அரித்துத் தின்றுகொண்டிருந்தன. அதனால் போன கிழமை புறாவை விரட்ட ஒரு வெருளிப் பொம்மை கட்டி, கணவரின் பழைய கோட்டை அதற்கு மாட்டிவிட்டேன். அவர் வேலை விடயமாகச் சிங்கப்பூரில். கேட்டிருந்தால் தந்திருக்கமாட்டார்.

இன்று காலை போனபோது பக்கத்துத் தோட்டத்து அன்ரன் அண்ணை மறித்தார்.

"உங்கட மனுசனுக்கு என்னோட கோவமோ? நேற்றுப் பின்னேரம் குனிஞ்சு புழுப் பொறுக்கிக்கொண்டு நிண்டவர். கூப்பிட்டன், திரும்பியும் பாக்கேல்லை."

"அவர் இஞ்ச இல்லை அண்ணை. அது வெருளி."

"வெருளி குனியுமோ பிள்ளை?"

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

கோவா இலைகளைப் புரட்டிப் பார்த்தேன். ஒரு புழுகூட இல்லை. மழையே இல்லாத இந்த நாட்களில் பாத்தி ஈரமாக இருந்தது. வெருளி நான் நட்ட இடத்தில்தான் நின்றது. கோட்டின் இரண்டு கைகளிலும் முழங்கை வரை ஈரமண்.

கோட்டைக் கழற்றத்தான் போனேன். கோவாவை இன்னொரு தரம் பார்த்துவிட்டு, அப்படியே விட்டு வந்துவிட்டேன்.

குளிர் தொடங்குமுன் உள்ளி நட வேண்டும். உள்ளிப் பற்களை வெருளியாரின் காலடியில் வைத்துவிட்டு வந்தால் போதுமா, அல்லது மண்வெட்டியும் வைக்க வேண்டுமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கோ.