பெஹாலா மாஸ்டரின் கனமான வண்டி

என் பழைய கார் எஞ்சின் போய் எட்டு மாதம் ஆகிறது. அந்த எட்டு மாதமும் ஷேர் ஆட்டோவில் இடிபட்டு எனக்குப் போதும் போதுமென்றாகிவிட்டது. முப்பது வருஷம் கார் ஓட்டிய கை இது, சும்மா இருக்குமா?

டாலிகஞ்சில் ஒரு மெக்கானிக் பழைய காரை பேட்டரி வண்டியாக மாற்றித் தருகிறார். என் காரைப் பார்த்ததுமே, இது யானை, பேட்டரி தாங்காது என்று சொல்லிவிட்டார். வேறு பழைய கார் கொண்டு வாருங்கள், எடை குறைவாக இருக்க வேண்டும், அடித்தகடு துருப்பிடித்திருக்கக் கூடாது, எஞ்சின் எப்படி இருந்தாலும் கவலையில்லை, அதைத்தான் தூக்கி எறியப் போகிறோமே என்றார்.

தேடுகிற பொறுப்பை என் வீட்டுக்காரர் ஏற்றுக்கொண்டார். ரிட்டயர்டு பேங்க் ஆபீசர், விசாரணைக்குக் கேட்க வேண்டுமா! விற்கிறவர்கள் எல்லோரும் எஞ்சின் ஃபர்ஸ்ட் கிளாஸ் என்றே சத்தியம் செய்தார்கள். ஒரு வண்டியில் கால் வைக்கிற இடத்தில் தெரு தெரிந்தது.

கடைசியில் பெஹாலாவில் ஒரு ரிட்டயர்டு மாஸ்டரிடம் பொடி கார் ஒன்று இருப்பதாகத் தெரிந்தது. இவர் போனில் பேசிவிட்டு உதட்டைப் பிதுக்கினார். ரொம்பக் கனமாம், மாஸ்டரே நாலு தடவை "பாரி, பாரி" என்று சொன்னாராம்.

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. பாரி என்றால் கனம்தான், ஆனால் இன்னொரு சொல்லுக்கு முன்னால் வந்தால் ரொம்ப என்று அர்த்தம். பெங்காலியில் "பாரி ஷுந்தொர்" என்றால் ரொம்ப அழகு. பாவம் மனுஷர், திருச்சியிலிருந்து இந்தப் பெங்காலி ஊருக்கு வந்து இத்தனை வருஷமாகியும் பாஷை ஏறவில்லை, நாளைக்கு நானே போன் செய்துகொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

மறுநாள் காலை கரியாஹாட்டில் மாம்பழம் வாங்கினோம். இவர் ஒரு பழத்தை முகர்ந்து பார்த்து, கடைக்காரரிடம் சுத்தமான பெங்காலியில், "பாரி மிஷ்டி தோ?" என்று கேட்டார். ரொம்ப இனிப்புதானே என்று!

எனக்கு வந்த கோபம் இவ்வளவு அவ்வளவு இல்லை. திரும்பும்போது ஆட்டோவில் எங்களுக்கு நடுவே மீன் பையோடு ஓர் அம்மாள். அவர் தலைக்கு மேலேயே விசாரணையை ஆரம்பித்தேன். பாரி என்றால் என்னவென்று தெரிந்துகொண்டே வண்டி கனம் என்று கதை விட்டீர்களா, நான் ஓட்டினால் இடித்துவிடுவேன் என்று பயமா, வயசாகிவிட்டது என்கிறீர்களா?

இவர் வெளியே பார்த்தபடியே சொன்னார்.

"நீ கார் ஓட்டின காலத்துல நீ பாட்டுக்குப் போவ, வருவ. நான் எங்க கூட வந்தேன்? இப்பதான் எட்டு மாசமா ஒண்ணா போறோம்."

திட்ட வாயெடுத்தவள், இவர் முகத்தைப் பார்க்கத் திரும்பினேன். வாருங்கள் என்று நானும் கூப்பிட்டதில்லை, வருகிறேன் என்று இவரும் சொன்னதில்லை. அந்த அம்மாளுக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் மீன் பையைத் தூக்கிக்கொண்டு ஓரமாக நகர்ந்து, என்னை நடுவில் உட்காரச் சொன்னார்.

அதற்காகக் காரை விட்டுக்கொடுப்பேனா? அன்றைக்கே மாஸ்டருக்குப் போன் செய்து வண்டியைப் பேசி முடித்தேன்.

மெக்கானிக் அதைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். ஓட்டப் போவது நீங்கள் ஒருத்தர்தானே, மற்ற சீட்டையெல்லாம் கழற்றிவிட்டால் இன்னும் லேசாகிவிடும் என்றார். பின்சீட்டைத் தாராளமாகக் கழற்றுங்கள், என் பக்கத்து சீட்டில் மட்டும் கை வைக்காதீர்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன்.