எதிரிக்கு வைத்த பட்டினி

என் மனைவியின் எலும்பு மஜ்ஜையில் புகுந்த ரத்தப் புற்றை நான் வெறுத்ததுபோல் எந்த மனிதனையும் வெறுத்ததில்லை. முதலில் கொடுத்த மாத்திரைக்கு அடங்கிய அது, சில மாதங்களில் மறுபடி தலையெடுத்தது. புற்றணுக்கள் இப்போது கொழுப்பை எரித்துப் பிழைக்கப் பழகிவிட்டன என்றார் எங்கள் டாக்டர், இளம்பெண். அந்த வழியை அடைக்கும் மருந்து ஒன்று சோதனையில் இருந்தது. உடம்பில் தெம்பு இருந்தால் அவளையும் சேர்க்கலாம்.

தெம்பைப் பற்றி நான் யோசிக்கவில்லை. புற்றின் சாப்பாடு எது என்று தெரிந்துவிட்டது, அது போதும்.

உட்லண்ட்ஸ் அடுக்குமாடி வீட்டுக்கு வந்ததும் நெய் டப்பாவைக் குப்பைக் குழாயில் போட்டேன். பத்து மாடி இறங்கி அது மோதிய சத்தம் எனக்கு இனித்தது. தேங்காய்ப்பால், நல்லெண்ணெய், முட்டை எல்லாம் நின்றன. அவளுக்கு இட்லி, ரசச்சோறு. அவள் மெல்லும்போது அவள் முகத்தை நான் பார்க்கவில்லை. உள்ளே அது துடிப்பதைக் கற்பனையில் பார்த்துக்கொண்டிருந்தேன்.

தேக்கா சந்தையில் ஒரு நெய்த் தோசை வாங்கித் தரச் சொன்னாள். நெய் உனக்குப் போய்ச் சேராது, அந்தப் புற்றுக்குத்தான் போகும் என்றேன்.

"ஏங்க, உங்க பகை அதோடயா, என்னோடயா?" என்றாள். சிரித்துக்கொண்டுதான் கேட்டாள்.

அடுத்த முறை எடை பார்த்த தாதி அவளை இறங்கி மீண்டும் ஏறச் சொன்னார். சோதனையில் சேர்க்க முடியாத அளவுக்கு இளைத்திருந்தாள். நான் செய்ததை டாக்டரிடம் பெருமையாகவே சொன்னேன். அவர் நாற்காலியை என் பக்கம் திருப்பினார்.

"அங்கிள், சாப்பாட்டுல கொழுப்ப நிறுத்தினா அதுக்கு ஒண்ணும் ஆகாது. ஆன்ட்டி பட்டினி கிடந்தா, அவங்க உடம்புல இருக்கிற கொழுப்பே கரைஞ்சு ரத்தத்துக்கு வரும் லா."

தொடக்கக் கல்லூரியில் உயிரியல் நடத்தியவன் நான். இதையே பலகையில் வரைந்து காட்டி, தப்பாக எழுதிய பிள்ளைகளின் மதிப்பெண்ணை வெட்டியிருக்கிறேன்.

அங்கிருந்தே டாக்சி பிடித்துத் தேக்காவுக்குப் போனோம். நெய்த் தோசை இரண்டு வாய்க்கு மேல் அவளால் முடியவில்லை. மீதியை என் பக்கம் தள்ளினாள்.

எடை ஏறவில்லை. மருந்து கிடைக்காமலே போய்விட்டாள்.

அந்தச் சோதனை இன்னும் நடக்கிறதாம். யார் உடம்பிலாவது அந்த அணுக்கள் பசியில் மெதுவாகச் சாகட்டும். எனக்கு இப்போதும் ரசச்சோறுதான். மகள் வந்து நெய் வாங்கி வைத்துவிட்டுப் போகிறாள், நான் திறப்பதில்லை.