தண்ணீர்க் கமிட்டிக்கு நான் நின்ற வருஷம்

எழுபதுகளின் நடுவில், கீழவைப்பாருக்குத் தெற்கே எங்கள் கடற்கரை ஊருக்கு ஐஸ் கம்பெனி வந்தபோது சந்தோஷப்பட்டவர்களில் நானும் ஒருத்தி. என் தம்பி அப்போதுதான் விசைப்படகு எடுத்திருந்தான். ஐஸ் இருந்தால் மீனை வந்த விலைக்குத் தள்ள வேண்டாம்.

கம்பெனியின் மோட்டாரை, நாங்கள் குடிக்க எடுக்கும் மணல்மேட்டுக் கிணறுகளை ஒட்டியே போட்டார்கள். ஒரு கோடை முடிவதற்குள் தண்ணீர் கரித்தது. பருப்பு வேகவில்லை. கைக்குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு நிற்கவில்லை. குடத்தோடு அடுத்த ஊருக்கு நடந்தோம். அங்கே எங்களை விரட்டினார்கள்.

கம்பெனி நின்றது மாதா கோயில் நிலத்தில். கோயிலின் கீழ் இருந்த ஊர்த் தண்ணீர்க் கமிட்டி நினைத்தால் மோட்டாரை நிறுத்தலாம். கமிட்டித் தலைவரோ பல படகுகளுக்கு முதலாளி. பெண்கள் கூட்டமாகப் போய் முறையிட்டோம்.

"கடக்கரையில தண்ணி கரிக்கத்தானே செய்யும்?" என்று சிரித்தார்.

அந்தச் சிரிப்பைப் பார்த்துதான் அடுத்து வந்த கமிட்டித் தேர்தலில் அவரை எதிர்த்து நின்றேன். கோயிலுக்கு வரி கட்டும் வீட்டுக்கு ஒரு ஓட்டு, அதுவும் ஆணுக்கு. புருஷனைக் கடலில் பறிகொடுத்து நானே வரி கட்டி வந்ததால் என்னைத் தள்ள வழி இல்லாமல் விட்டுவிட்டார்கள். தண்ணீர் சுமந்த மற்ற பெண்கள் யாருக்கும் ஓட்டு கிடையாது.

செம்பில் கிணற்றுத் தண்ணீரோடு வீடு வீடாக ஏறினேன். "குடிச்சிப் பாருங்க. மணலுக்கு அடியில நல்ல தண்ணி கொஞ்சந்தான் கெடக்கு. அத உறிஞ்சிட்டா கடல் உள்ள வந்துரும். வந்தா திரும்பிப் போவாது." ஆண்கள் செம்பை வாங்கி, குடிக்காமல் கீழே வைத்தார்கள். அவர்கள் பெண்டாட்டிமார் கதவுக்குப் பின்னால் நின்று அழுதார்கள்.

நான் ஜெயித்தால் யார் படகுக்கும் ஐஸ் கிடையாது என்று பேச்சு பரவியது. தம்பி வந்தான்.

"அக்கா, நீ ஒதுங்கிரு. ஐஸ் இல்லாம மீன என்ன செய்ய?"

"தண்ணி இல்லாம ஒம் புள்ளைய என்னலே செய்ய?"

படியிறங்கிப் போய்விட்டான்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கோயில் முற்றத்தில் கை தூக்கச் சொன்னார்கள். என் பெயர் சொன்னதும் படகில்லாத ஏழைகள் சிலர் தூக்கினார்கள். படகுக்காரர்கள் இருந்த பக்கம் ஒரே ஒரு கை எழுந்தது. என் தம்பியின் கை. பக்கத்திலிருந்தவன் அதைப் பிடித்து இழுத்தும் அவன் இறக்கவில்லை.

நான் தோற்றேன். அந்த வாரமே தம்பி படகு நிறைய மீனோடு கரை சேர்ந்தான். ஐஸ் கம்பெனி வாசலில் கும்பிட்டு நின்றும் அவனுக்கு ஒரு பாளம்கூடக் கொடுக்கவில்லை. வேறு ஐஸ் தேடித் தூத்துக்குடிக்கு ஆள் போய்த் திரும்புவதற்குள் வெயிலில் மீன் குழைந்துவிட்டது. கருவாட்டுக்கும் ஆகாமல் உரத்துக்கு அள்ளிப் போனார்கள். அவன் பெண்டாட்டி மணலில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டாள். "மைனி, ஒங்களால எங் குடும்பம் போச்சே!" தம்பி அவளை அதட்டினான். எனக்கு அவள் சொன்னதே நியாயமாகப் பட்டது.

படகை விற்றுவிட்டுத் துறைமுகத்தில் மூட்டை தூக்கப் போனான். மோட்டார் ஓடிக்கொண்டேதான் இருந்தது. கடைசியில் கம்பெனியின் தண்ணீரே உப்பாகிப் போக, இயந்திரங்களைக் கழற்றி லாரியில் ஏற்றிக்கொண்டு வேறு ஊருக்குப் போய்விட்டார்கள். எங்கள் கிணறுகள் அதற்குப் பிறகும் மாறவில்லை. மழைக்காலத்தில்கூட வாயில் வைக்க முடியாது.

குடிதண்ணீர் லாரியில் வரத் தொடங்கிய பிறகு, ஒருநாள் லாரிக்குக் காத்து நின்ற இடத்தில் படகுக்காரர்கள் சிலர் என்னிடம் வந்தார்கள்.

"இந்தத் தடவ கமிட்டிக்கு நீ நில்லு தாயி. நாங்க கை தூக்குதோம்."

"எதுக்கு?" என்றேன்.

லாரி வந்துவிட்டது. குடத்தைத் தூக்கிக்கொண்டு எல்லோரும் ஓடினோம்.