ஓடுபாதையில் கையை விட்டவள்

விமானம் ஓட்டக் கற்றுக்கொடுப்பவனின் முக்கிய வேலை, பயப்படாத மாதிரி பக்கத்தில் உட்கார்ந்திருப்பது. மனைவிக்கோ மச்சானுக்கோ கார் பழக்கியவர்களுக்கு இது புரியும். நீங்கள் காலால் தேடிய அந்த இல்லாத பிரேக்கைத்தான் நானும் தேடுகிறேன். வெளிநாட்டில் பல வருடம் சரக்கு விமானம் ஓட்டிவிட்டு சொந்த ஊரான பிரிக்பீல்ட்ஸுக்குத் திரும்பிய எனக்கு வாய்த்தது இந்த வேலை.

தினசரி மந்திரம்

எங்கள் சின்ன விமானத்தில் சீட்டு தண்டவாளத்தில் முன்னும் பின்னும் நகரும். நகர்த்தினால் கொக்கி விழுந்ததா என்று உடம்பால் ஆட்டிப் பார்க்க வேண்டும். விழாவிட்டால், ஓடுபாதையில் வேகமெடுக்கும்போது சீட்டு ஆளோடு பின்னால் வழுக்கும். பயந்த கை எதிரில் இருக்கும் ஸ்டியரிங்கைப் பிடித்து இழுக்கும். மூக்கு தூக்கும், பறக்க வேகம் போதாது, கீழே விழும்.

அதனால் ஒவ்வொரு மாணவரிடமும் சொல்வேன்: வழுக்கினால் இடது கையை விட்டுவிடு. வலது கை எஞ்சின் வேகத்தைக் கூட்டும் த்ராட்டலிலேயே இருக்கட்டும். நீ பின்னால் போனால் அதுவும் உன்னோடு வந்து எஞ்சினைத் தணித்துவிடும். கிள்ளானிலிருந்து வரும் ஷாலினி இதைக் கேட்டுக் கேட்டு அலுத்துப்போனாள். "சார், நீங்க தூக்கத்துலயும் இதத்தான் சொல்வீங்க லா!"

வேலியோரக் கூட்டம்

ஷாலினி முதல் தடவை தனியாகப் பறக்கிற நாள். வீட்டில் யாரிடமும் சொல்லாதே என்றிருந்தேன். இரண்டு காரும் ஒரு வேனும் வந்து நின்றன. நாசி லெமாக் சோற்றுப் பொட்டலங்கள் கைமாறின. சுங்கை பூலோவிலிருந்து வந்த அவள் சின்னம்மா, வீடியோ எடுக்க போனை வேலிக்கு மேலே தூக்கிப் பிடித்திருந்தார்.

ஷாலினி குள்ளம். எஞ்சினைக் கிளப்புவதற்கு முன், சன்னலுக்குள் அவள் தலை சட்டென்று முன்னால் வந்ததைத் தூரத்திலிருந்து பார்த்தேன். சந்தோஷத்தில் நிமிர்ந்து உட்காருகிறாள் என்று நினைத்துக்கொண்டேன். சின்னம்மா கத்தியது பிறகுதான் எனக்குத் தெரியவந்தது: "நெத்தி மட்டும்தான்டி தெரியுது, கொஞ்சம் முன்னாடி வா!"

புல்வெளி

விமானம் நேராக ஓடியது. பாதி ஓடுபாதையில் திடீரென்று எஞ்சின் சத்தம் அடங்கி, இடது பக்கம் திரும்பிப் புல்லில் இறங்கி, முன்சக்கரம் கால்வாயில் மாட்டி, புரொப்பெல்லர் மண்ணைக் கொத்தி நின்றது. என் வயதுக்கு ஆகாத வேகத்தில் ஓடினேன்.

சீட்டு கடைசி வரை பின்னால் போயிருந்தது. அவள் கால்கள் பெடலுக்கு எட்டாமல் தொங்கின. வலது கை த்ராட்டலில் இருந்தது. இடது கை, பந்தியில் சோறு போதும் என்று காட்டுகிறவர் கை மாதிரி, காற்றில் விரிந்து நின்றது. எங்கும் காயமில்லை. என்னைப் பார்த்ததும் கேட்டாள்: "சார், கைய விட்டுட்டேன். சரிதானே?"

கேப்டன் அறை

கொக்கி பழசு என்று மெக்கானிக் சொல்லியிருந்தார். அதையே அவளும் சொன்னால் போதும், விஷயம் முடிந்துவிடும். சொல்லட்டுமே என்று எனக்கும் ஒரு ஆசை. பயிற்சியை நிறுத்தும் அதிகாரம் உள்ள எங்கள் கேப்டன், என்ன நடந்தது என்று மலாயில் கேட்டார்.

"சின்னம்மாவுக்கு முகம் தெரியணும்னு நான்தான் சீட்டை நகர்த்தினேன். ஆட்டிப் பார்க்கல" என்றாள் ஷாலினி, அவளும் மலாயிலேயே.

கேப்டன் பேனாவை மூடி மூடித் திறந்துகொண்டிருந்தார். கடைசியில் சொன்னார்: "மறுபடி பறக்கலாம். ஆனா இதை உன் வீட்டுல நீயே சொல்லணும்."

அப்பா

அதற்குள் சின்னம்மாவின் வீடியோ 'பிளேன் விழுந்துருச்சு' என்று குடும்பம் முழுக்கச் சுற்றிவிட்டது. ஷாலினியின் அப்பா போர்ட் கிள்ளானில் கண்டெய்னர் லோரி ஓட்டுகிறார். பயிற்சிக்குப் பணம் கட்டுபவர் அவர்தான். மகளின் பயிற்சியை நிறுத்திவிடுகிற முடிவோடு பிரிக்பீல்ட்ஸுக்கே என்னைத் தேடி வந்தார். கடையில் உட்கார்ந்தோம். நுரை பொங்க ஆற்றிக் கொடுத்த தே தாரேக் டீ ஆறிக்கொண்டிருந்தது.

"கேப்டன்கிட்ட அவ என்ன சார் சொன்னா?"

சொன்னேன், வார்த்தை மாறாமல்.

"வீட்லயும் அதான் சொன்னா." டீ கிளாஸைத் தள்ளி வைத்தார். பிறகு எழுந்தார். "பிளேன் மேல பழியப் போட்டிருந்தா நிறுத்திருப்பேன் சார். தன் மேலயே போட்டுக்கிட்டா. இப்ப நான் என்னத்தச் சொல்லி நிறுத்துறது?"

விமானத்தை மேலே ஏற்றச் சொல்லிக்கொடுக்கத்தான் எனக்குச் சம்பளம். ஆனால் நான் பார்க்கிறவர்களிடமெல்லாம் பெருமையடித்துக்கொள்வது, ஏறாமல் நின்றுபோன ஒரு விமானத்தைப் பற்றித்தான்.